மேற்கே திரும்பிய நான்கு குழாய்கள்

அளவெட்டிக் கேதீஸ்வரன் தன் ஊர் அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டினால் இராமேசுவரத்தில் படுத்திருக்கிற நாய் எழும்பிக் காதைச் சொறியும். இராமேசுவரம் கொஞ்சம் கூடிப்போயிற்றுத்தான். காங்கேசன்துறை நாய் என்று வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே இறங்க முடியாது.

தகப்பன் காலத்திலிருந்தே அந்தக் கோயில் திருவிழாவுக்கு அவர்களுடைய ஒலிபெருக்கிக் குழாய்தான். வீட்டில் ஆள் இருக்க இடமில்லை, அவ்வளவு சாமான். விறாந்தையில் பெட்டிகள், அறையில் வயர்ச் சுருள், குசினி வாசலில் கவிழ்ந்து கிடந்த பழைய குழாய்க்குள் ஒரு கோழி அடை கிடந்தது.

மகள் கோபிகா யாழ்ப்பாண நகரத்து அரசாங்கப் பள்ளிக்கூடமொன்றில் பதினோராம் ஆண்டு படித்தாள். விடியப் பஸ் ஏற்றிவிடுவது முதல் ரீச்சரிடம் ஏச்சு வாங்குவது வரை எல்லாம் மனைவி உதயகலாவின் பாடு. ஆனால் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியபோது, இந்தமுறைக் கூட்டத்துக்குத் தகப்பன்மாரும் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

கூட்டத்தில் மைக் கூவியது. அதிபர் ஒருபக்கம் பேச, மைக் ஒருபக்கம் கூவ, கேதீஸ்வரனால் பொறுக்க முடியவில்லை. யாரும் கேட்காமலே மேடையில் ஏறி ஒரு திருகைத் திருகிவிட்டு வந்து இருந்தான். உதயகலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு வகுப்பாசிரியை கூப்பிட்டார். "மற்றப் பாடமெல்லாம் பரவாயில்லை. கணக்குத்தான் தொங்குது. அது தவறினால் உயர்தரம் படிக்கேலாது, தெரியும்தானே? நீங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்க வேண்டாம். சத்தமில்லாத ஒரு இடம் குடுங்கோ, அதுவே காணும். வீட்டிலை எங்கை இருந்து படிக்கிறா?"

கேதீஸ்வரன் மனைவியைப் பார்த்தான்.

"அம்ப்ளிபயருக்கு மேலை கொப்பியை வைச்சுத்தான் ரீச்சர். இவர் சோதிச்சுப் பாக்கேக்கை கொப்பி தன்பாட்டிலை நடக்கும்."

ஆசிரியை சிரிக்கவில்லை. அதுதான் கேதீஸ்வரனுக்கு உறைத்தது. மகள் இந்தப் படியோடு நின்றுவிடுவாளோ என்ற பயம் பஸ்ஸில் திரும்பும்போது அவனுக்குள் ஏறி இருந்துகொண்டது.

அன்றைக்கே அறையை ஒழித்தான். பெட்டிகள் மாட்டுக்கொட்டிலுக்குப் போயின. மேசை வந்தது, மின்குமிழ் வந்தது, கோழிக்கும் வேறிடம் பார்க்கப்பட்டது. வீட்டில் எந்தச் சாமானுக்கும் கரண்ட் கொடுப்பதில்லை என்று தனக்குத்தானே சட்டம் போட்டான். எல்லாம் சரி, திருவிழாவை என்ன செய்வது? பரீட்சைக்குச் சற்று முன்னாலே பத்து நாள் திருவிழா; கொடியேற்றம் நெருங்கி நின்றது.

அதற்கும் அவன் வழி கண்டான். அவனுடைய வீடு கோயிலுக்குக் கிழக்கே. மேற்கே வயல்வெளி. கம்பத்தில் தானே ஏறி, நான்கு குழாயையும் மேற்கே திருப்பிக் கட்டினான். இறங்கி, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, வீட்டு முற்றத்தில் வந்து நின்று காது கொடுத்தான். காகம் கத்துவதுதான் கேட்டது. ஒரு தகப்பன் செய்யக்கூடியதைச் செய்துவிட்டேன் என்று திருப்தியோடு கோயிலுக்குப் போனவன், மூன்று நாள் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் தம்பிஐயா மோட்டார் சைக்கிளில் கோயிலடிக்கு வந்து இறங்கினார். வயற்கரையில் வீடு. அவருடைய மகளும் கோபிகாவும் ஒரே வகுப்பு.

"கேதீஸ், உனக்கு என்னோடை என்ன கோவம்?"

"என்னண்ணை கதைக்கிறியள்?"

"நாலு குழாயையும் என்ரை வீட்டு முகட்டுக்கு நேரை பிடிச்சு வைச்சிருக்கிறாய். மாடு பால் சுரக்குதில்லை. ரெண்டு பெட்டையள் காதிலை பஞ்சை அடைஞ்சுகொண்டு கணக்குச் செய்யுதுகள்."

"ரெண்டோ? உங்களுக்கு ஒருத்திதானே அண்ணை."

"மற்றது உன்ரை! திருவிழாச் சத்தத்துக்குத் தப்பவெண்டு கொடியேற முதலே உன்ரை மனிசிதான் கொண்டுவந்து விட்டவ. தேப்பன் உனக்குத் தெரியாதோ?"

கேதீஸ்வரன் கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். கிழக்கே திருப்பினால் அவனுடைய ஒழுங்கை. அங்கேயும் இன்னொரு வீட்டில் பரீட்சைப் பிள்ளை. வடக்கே தபாற்காரர் மகன். தெற்கே இரட்டைப் பிள்ளைகள். வானத்தைப் பார்க்கத் திருப்பினால் மழைத்தண்ணி நிற்கும்.

ஏறி, நான்கையும் கழற்றி இறக்கினான். மண்டபத்துக்குள் இருந்த இரண்டு சின்னப் பெட்டிகளை மட்டும் விட்டான்.

கோயில் முகாமையாளர் ஏரம்பர் சால்வையை உதறிக்கொண்டு வந்தார். "டேய், என்னடா செய்யிறாய்? அம்மாளின்ரை மேளம் நாலு சந்திக்கும் கேக்க வேணும்."

"கேக்க விரும்பிறவை கோயிலுக்கு வரட்டும் ஐயா. பிள்ளையளுக்குச் சோதனை."

"அப்ப உன்னை ஏன் நான் பிடிச்சனான்? கொப்பற்றை காலத்து வழக்கம். அடுத்த வருசம் மல்லாகத்துக் குழாய்க்காரனைப் பிடிப்பன், சொல்லிப்போட்டன்."

"பிடியுங்கோ."

சொல்லிவிட்டானே தவிர, வேறு பெரிய கோயில் அவனுக்கு இல்லை. மிச்ச ஏழு நாளும் ஏரம்பர் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. தேரன்று வீட்டிலிருந்தபடி மேளம் கேட்கிற கிழவர்களும் வேறு வழியில்லாமல் வீதிக்கு வந்து நின்றார்கள். கூட்டம் கூடியதைப் பார்த்து, குழாயை இறக்கச் சொன்னதே தான்தான் என்று ஏரம்பர் ஆட்களுக்குச் சொன்னதாகக் கேள்வி.

கோபிகா வீட்டுக்குத் திரும்பவில்லை. தகப்பன் போட்ட புது மேசையில் உதயகலா மரக்கறி வெட்டினாள். "அங்கை ரெண்டு பேரும் சேர்ந்து செய்யிறம் அம்மா," என்று பிள்ளை பரீட்சை முடியும்வரை தம்பிஐயா வீட்டிலேயே இருந்துவிட்டது. கேதீஸ்வரன் பின்னேரங்களில் வயற்கரைப் பக்கம் போய், படலையில் நின்று சத்தம் ஒன்றும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு வருவான்.

பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று ஏரம்பரே வீடு தேடி வந்தார். அடுத்த திருவிழாவுக்கும் நீதான் என்று சொல்ல வந்தவர், அதை நேரே சொல்ல மனமில்லாமல், "பிள்ளைக்கு என்னவாம்?" என்று தொடங்கினார்.

கேதீஸ்வரன் நெஞ்சை நிமிர்த்தினான். "கணக்குக்கு ஏ, ஐயா! நான் குழாயை இறக்கினதுக்குக் கைமேலை பலன். மற்றதெல்லாமும் ஏ எண்டு வையுங்கோவன்."

தேத்தண்ணியோடு வந்த கோபிகா தட்டை ஏரம்பருக்கு முன்னால் வைத்தாள்.

"பி, அப்பா. ஏ எடுத்தது தம்பிஐயா மாமாவின்ரை மகள். உயர்தரத்துக்கு பி காணும், நான் போறன். சங்கீதத்திலை தவறினதை மட்டும் ஐயாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."