கேப்டன் உட்காரவில்லை

தொண்ணூறுகளில் திருப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தின் மாடியில் பென்ஷன் பிரிவில் இருந்தேன். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் சங்கத்தின் செயலாளர் அடிக்கடி வருவார். நரைத்த மீசை, கசங்காத வெள்ளைச் சட்டை. எல்லோருக்கும் அவர் கேப்டன். வந்த வேலை முடியாமல் நாற்காலியில் உட்கார மாட்டார்.

ஒருமுறை ஒரு சிப்பாயின் விதவைக்காக வந்தார்; அந்த அம்மா பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். உயிரோடு இருப்பதற்கான சான்று இல்லாமல் அந்த அம்மாவின் பென்ஷன் நின்றுபோயிருந்தது.

“ஆளை நேர்ல பாக்காம கையெழுத்துப் போட முடியாதுங்க” என்றேன்.

நின்றபடியே கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வாசலில் பனியன் மூட்டை ஏற்றும் டெம்போ ஒன்று வந்து நின்றது. மூட்டைகளுக்கு நடுவே கயிற்றுக் கட்டிலில் அந்த அம்மா படுத்திருந்தார். கேப்டன் மாடியேறி வந்தார்.

“நேர்ல பாக்கோணும்னீங்க. கூட்டியாந்துட்டேனுங்க. எறங்கி வாங்க.”

இறங்கிப்போய்க் கைநாட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். “மேல வந்து உக்காருங்க” என்றேன்.

“இன்னும் ஏழு பேரு இப்படிப் படுக்கையில இருக்கறாங்க. வண்டியும் இருக்குதுங்க” என்றார், நின்றபடியே.

அடுத்த நாள் மை டப்பாவை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். பயந்தா, வெட்கப்பட்டா என்று இன்றும் தெரியவில்லை. ஏழாவது வீட்டுக்கும் போய்வந்த அன்றுதான் கேப்டன் என் எதிரே உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.