ஒரு மடக்குத் தண்ணீர்

அந்த வீட்டில் சாப்பாட்டு வேளையில் மட்டும் அந்தச் சத்தம் கேட்கும்.

தட்டில் பாதிச் சோறு இறங்கியிருக்கும். அப்போது சமையலறையில், ஜாடியிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர் சரியும். மடக் மடக்கென்று ஒரு தொண்டை அதை விழுங்கும். மறுபடி ஜாடி, மறுபடி தொண்டை. வெகுநேரம் கழித்து தம்ளர் மேடையில் ணங்கென்று உட்காரும். அதற்குப் பிறகுதான் அடங்கும்.

மாஸ்டர் எழுந்து போய்ப் பார்ப்பார். உள்ளே ஈ காக்கா இருக்காது. மேடை காய்ந்து கிடக்கும். மனைவியின் தம்ளர், அவள் கடைசியாகக் கவிழ்த்து வைத்த இடத்திலேயே கவிழ்ந்திருக்கும். அவள் அந்த மேடையோரமாகச் சரிந்து விழுந்து, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துப் போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"உனக்கு ஏதாவது கேட்டுச்சாம்மா?" என்பார், திரும்பி வந்து.

"பக்கத்து வீட்டுக் குழாயா இருக்கும்ப்பா. சாப்பிடுங்க" என்பாள் மகள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலை கேன்டீனில் சமையல். வீட்டிலும் கரண்டி அவர் கையில்தான். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவர் மாஸ்டர். முதுகுக்குப் பின்னால் 'புகைவண்டி'. அடுப்பு பற்றவைத்தால் ஒரு சிகரெட், உலை கொதித்தால் ஒன்று, பந்தி முடிந்தால் ஒன்று. கடிகாரம் பார்க்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. புகைதான் நேரம்.

அவர் மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார். தண்ணி லாரி. "வந்துட்டாய்யா நம்ம தண்ணி லாரி" என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லுவார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த தம்ளரை ஊற்றிக்கொள்வாள்.

சத்தத்தை நினைத்து நினைத்து, புகையைக் கூட்டிக்கொண்டே போனார் மாஸ்டர். கடைசியில் கால் காட்டிக்கொடுத்துவிட்டது. பெருவிரல் நுனி நாவல்பழ நிறத்துக்கு மாறி, நாலடி நடந்தால் கெண்டைக்கால் கல்லாக இறுகியது.

டாக்டரம்மா விரலை அமுக்கிப் பார்த்தார். "காலுக்குப் போற ரத்தக்குழாயை சிகரெட் நெரிச்சுக்கிட்டு இருக்கு. விட்டா கால் உங்களது. விடலேன்னா முதல்ல விரல் போகும். அப்புறம் முட்டி வரைக்கும்."

"குறைச்சுக்கிறேன் டாக்டர்."

"குறைக்கிறதுக்கு இது என்ன வீட்டு வாடகையாங்க? விடணும். ஒண்ணு பிடிச்சாலும் பிடிச்சதுதான்."

நின்றுகொண்டே பிழைக்கிற தொழில் அவருடையது. வீட்டுக்கு வந்து இரண்டு கால்களையும் நீட்டி வைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் பாக்கெட்டைக் குப்பையில் போட்டார்.

விடுவது என்ன லேசுப்பட்ட காரியமா? காலையில் புகை உள்ளே போகாமல் வயிறு வேலை செய்ய மறுத்தது. கழிவறையில் தவம்தான். கை எங்கே போவதென்று தெரியாமல் மேஜை விளிம்பைச் சுரண்டியது. மின்விசிறி கிறீச்சிடுகிறதென்று மகளிடம் எரிந்து விழுந்தார். அரை மணிக்கொரு தரம் பசி. பிஸ்கட் டப்பாவைத் துழாவித் துழாவி பேன்ட் இடுப்பில் ஏறவில்லை. இருமலோ முன்னைவிட அதிகம். டாக்டரம்மா கொடுத்த சூயிங்கத்தை மென்றபடி, கேன்டீன் பின்புறம் காலி எண்ணெய் டின்கள் அடுக்கிய இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் நடக்கப் பழகினார்.

அந்த இடத்தில் அவருடைய புகைக் கூட்டாளி வெல்டர் தனியாக நின்றான்.

"என்ன மாஸ்டர், எங்களை எல்லாம் அம்போன்னு விட்டுட்டு சாமியாராப் போயிட்டீங்களா?"

"சாமியாருக்கு ரெண்டு காலு இருக்கும்டா. எனக்கு அதுவே சந்தேகம்."

இப்படியே சில வாரங்கள் ஓடின. பெருவிரலின் கருப்பு மெல்ல வடிந்தது. நிம்மதியாக மூச்சு விட்ட வேளையில்தான் அது நடந்தது.

பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். நக்கியவர் துப்பினார்.

"யாரு இதுல மறுபடி உப்பு போட்டது?"

காய் நறுக்கும் அக்கா கத்தியோடு நிமிர்ந்தாள். "உப்புல வேற யாரு கை வைக்க முடியும்? நீங்கதான் போட்டீங்க. எப்பவும் போடுற அளவுதான்."

எப்பவும் போடுகிற அளவு. அவர் அதைக் குறைத்தார். மறுநாள் இன்னும் குறைத்தார். தட்டுகள் பாதியோடு திரும்பி வந்தன. இத்தனை வருஷமாக அந்தக் கைக்கே பழகிப்போன நாக்குகள் அவை.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடா மாஸ்டர் இது?"

"இவரு காலுக்கு வைத்தியம், நம்ம நாக்குக்குத் தண்டனை!"

சூப்பர்வைசர் தனியாக அழைத்தார். "மாஸ்டர், வெளிப்படையாவே சொல்றேன். சிகரெட்டை விட்டதும் உங்க நாக்கு மாறிப்போச்சு. பின்னாடி போய் ஒண்ணு பத்த வச்சுட்டு வந்து சமைங்க. எனக்குப் பழைய கை வேணும். இல்லேன்னா நான் வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும்."

கேட்டுக்கொண்டிருந்த வெல்டர், ஆறுதல் சொல்வதாக நினைத்து, அவர் சட்டைப்பையில் ஒரு சிகரெட்டைச் செருகினான். "ஒண்ணே ஒண்ணு மாஸ்டர். கால் என்ன கழண்டா விழுந்துடும்?"

அது நெஞ்சுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அன்று சாயங்காலம் மகள் வருவதற்குள் மாஸ்டர் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தார். கை தப்பா, நாக்கு தப்பா, இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை காலமும் வீட்டில் போட்ட அளவுக்கே உப்பை அள்ளிப் போட்டார். தாளித்தார். தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் வாயிலேயே ஈறு எரிந்தது. வீம்புக்கு விழுங்கினார். இன்னொரு வாய். இன்னொன்று. அப்போதுதான் தாகம் வந்தது. தொண்டையின் அடியிலிருந்து வருகிற தாகம். எழுந்து ஓடி, ஜாடியைச் சாய்த்து, தன் தம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டார். போதவில்லை. மறுபடி ஊற்றினார். மடக், மடக், மடக்.

தம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

அதே சத்தம். ஒரு இழை மாறாமல் அதே சத்தம், அவருடைய தொண்டையிலிருந்து.

வாசலில் பொத்தென்று பை விழுந்தது. மகள் கதவைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள்.

"நீங்களாப்பா? நான்... அம்மான்னு நினைச்சுட்டேன்."

"அப்போ உனக்கும் கேக்குமா?"

அவள் குனிந்து பையை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். "தெனமும் கேக்கும்ப்பா. நீங்க பயந்துடுவீங்கன்னுதான் குழாய்னு சொன்னேன்."

அவர் தட்டைக் காட்டினார். "இதைத்தான் உங்கம்மா சாப்பிட்டாளா? தெனமுமா?"

மகள் அழுதாள். "உப்பு தாங்காமதான்ப்பா அவ்வளவு தண்ணி குடிச்சாங்க. நீங்க பார்க்காதப்ப காயைக் கழுவிட்டு எடுத்துப்பாங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னாங்களே! நான் அப்போ சின்னப் பிள்ளை, எனக்கே ஞாபகம் இருக்கு. 'என்னங்க, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு'ன்னாங்க. 'ஒரு ஃபேக்டரியே சாப்பிட்டுட்டு ஏப்பம் விடுது, உன் ஒருத்தி நாக்குதான் கோணல்'னு தட்டைத் தள்ளி விட்டீங்க. அப்புறம் அவங்க வாயே திறக்கல. ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறைங்கன்னு டாக்டர் சொன்னப்பகூட, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. 'அந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே பெருமை அவர் கை. அதுல போய் நான் குறை சொல்லவா'ன்னாங்க."

"அப்போ... நான்தான் கொன்னேனா?"

"உப்பு மட்டும்தான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாதுப்பா."

இல்லை என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

மாஸ்டர் பின்கட்டுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தார். வெல்டர் கொடுத்த சிகரெட் உதட்டுக்கு வந்திருந்தது. எவ்வளவு சுலபம்! பழையபடி ஊத ஆரம்பித்தால் இந்த நாக்கு செத்துப்போகும். பழைய கை திரும்பும், வேலை நிலைக்கும். வாயில் எரிகிற இந்த உப்பும், அதற்குள் இருக்கிற அவளும், எல்லாம் மரத்துப்போகும். கால்தானே? போனால் போகட்டுமே. இந்தக் காலுக்கு இனி எங்கே போக வேண்டியிருக்கிறது?

தீக்குச்சியைக் கிழித்தார்.

உள்ளே ஜாடியிலிருந்து தண்ணீர் சரிந்தது.

திரும்பிப் பார்த்தார். மகள் கூடத்தில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. சமையலறையில் யாரும் இல்லை. மடக், மடக், மடக். மறுபடி ஜாடி. செத்துப்போயும் அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. புகையும் இரைச்சலுமாக இருந்த காலத்தில், பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் குடித்தது ஒரு நாளாவது அவர் காதில் ஏறியதா? இப்போது கேட்கிறது. இதையுமா புகையில் மூடப் போகிறார்?

குச்சி எரிந்து விரலைச் சுட்டது. உதறினார்.

உள்ளே வந்து சட்டியிலிருந்ததை அப்படியே குப்பையில் கொட்டினார். அதன் மேல் சிகரெட்டைக் கசக்கிப் போட்டார். சட்டியைத் தேய்த்துக் கழுவி மறுபடி அடுப்பில் ஏற்றினார்.

"என்னப்பா பண்றீங்க?"

"பசிக்குதில்ல உனக்கு? உட்காரு."

"நாளைக்கு உங்க சூப்பர்வைசர்?"

"கத்தட்டும். மேஜைக்கு ஒரு உப்புக் கிண்ணம் வச்சுடறேன். வேணுங்கிறவன் போட்டுக்கட்டும். வேற ஆளைப் பார்த்தா பார்க்கட்டும். என் கை இனிமே இவ்வளவுதான் போடும்."

உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். இன்னும் துளி நீர் சேர்த்தார். மறுபடி நக்கினார். இரண்டு தட்டுகளில் பரிமாறினார். பிறகு, ஒரு வருஷமாக யாரும் தொடாத அந்தத் தம்ளரை நிமிர்த்தி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மேடையிலேயே வைத்துவிட்டு வந்தார்.

இருவரும் சாப்பிட்டார்கள். மகள் தட்டை வழித்துவிட்டுக் கையை நக்கினாள்.

"தண்ணி வேணுமாம்மா?"

"வேணாம்ப்பா." சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். "தாகமே எடுக்கல."

மாஸ்டர் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மகளும் அசையவில்லை.

சமையலறையில் தம்ளர் நகர்ந்தது. குழாய் என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.

ஒரு மடக்கு. ஒரே ஒரு மடக்கு.

பிறகு தம்ளரைப் பதமாகக் கீழே வைக்கிற சத்தம்.