ஆள் இருக்கு

என் வேலையே பிறர் சொல்வதை நம்பாமல் இருப்பதுதான். கார் இன்ஷூரன்ஸ் சர்வேயர். மரத்தில் மோதியது என்பார்கள், போய்ப் பார்த்தால் மரமே இருக்காது. முடிச்சூரில் வெள்ளம் வந்தபோது நாள் முழுக்க சேற்று நாற்றத்தில் நின்று, எந்தக் காருக்குள் எவ்வளவு உயரம் தண்ணீர் ஏறியது, எதில் சொந்தக்காரனே பக்கெட்டால் ஊற்றிக்கொண்டான் என்று கறையைப் பார்த்தே சொன்னவன் நான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் ஆதாரம் எங்கே என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. நடந்தது பட்டப்பகல், மத்தியானம் இரண்டரை மணி, கூட இரண்டு பேர் இருந்தார்கள்.

எங்கள் நகரில் ஒரு கிளை நூலகம் இருக்கிறது. எது என்று கேட்காதீர்கள், தாம்பரத்துக்கு மேற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். குரூப் ஃபோர், பேங்க் பரீட்சை என்று படிக்கிற பெண்கள் இருபது இருபத்தைந்து பேர் காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். நான் வாசகர் வட்டத்தில் வெறும் உறுப்பினர், வார இதழ் புரட்டப் போகிறவன். அந்தப் பெண்கள் யாரும் தண்ணீர் பாட்டிலை வெளியே எடுப்பதே இல்லை என்பதை நான் கவனித்ததே கிடையாது. கவனித்தது ஃபரிதா அக்கா.

அக்கா எங்கள் தெருமுனையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருப்பவர். அவர் மகள் நஸ்ரின் அந்த நூலகத்தில்தான் படிக்கிறாள். ஒரு நாள் அவளுக்குக் குளிர் ஜுரம், முதுகு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். சிறுநீரகத்தில் தொற்று.

"டாக்டரம்மா கேக்குறாங்க தம்பி, தண்ணியே குடிக்க மாட்டியான்னு. குடிச்சா எங்க போறதும்மான்னு இவ கேக்குறா" என்றார் அக்கா. "எல்லாப் புள்ளைங்களும் அடக்கிக்கிட்டுதான் உக்காந்திருக்குதுங்க. எனக்கே இப்பதான் தெரியுது."

நூலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பின்பக்கம் காம்பவுண்டு சுவருக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது, ஆனால் பூட்டி, துருப்பிடித்து, கொடி படர்ந்து கிடந்தது. அரசாங்கத்தைக் கேட்டு, எழுதி, காத்திருப்பதைவிட நாமே வசூல் செய்து கட்டிவிடலாம் என்று அக்காதான் ஆரம்பித்தார். நானும் கூடப் போனேன்.

வசூலுக்குப் போன வீடுகளில், நூலகத்துக்கு என்றதும் சோபாவில் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள், கழிப்பறைக்கு என்றதும் மோர் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்று மாடி வீடு கட்டிய ஒருவர், "எங்கப்பா பேர்ல பீரோ வாங்கித் தரேன் சார், ஃபேன் வேணுமா சொல்லுங்க. இதுக்கெல்லாம் எப்படி சார் அப்பா பேரைப் போடுறது" என்றார். ஒரு வீட்டம்மா பாதி தீர்ந்த பினாயில் பாட்டிலையும், தான் உபயோகித்த கழிப்பறை பிரஷ்ஷையும் பாலிதீன் பையில் போட்டு, நன்கொடை என்று என் கையில் கொடுத்தார். பிரஷ் நுனியில் என்ன ஒட்டியிருந்தது என்று நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் பெண்கள்தான் காப்பாற்றினார்கள். அக்காவும் அவர் தெருப் பெண்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்து பார்சல் விற்றார்கள். மதியத்துக்குள் அண்டா காலி. அந்த விற்பனைக்கு வைத்த பேனரில் பிரியாணி ஒரு மூலையில் இருந்தது, மீதி முழுக்க எங்கள் வாசகர் வட்டத் தலைவர் சபாபதி சாரின் முகம்.

சபாபதி சார் ஓய்வு பெற்ற அதிகாரி. எப்போதும் சென்ட் வாசனை, மடிப்புக் கலையாத சட்டை. ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து நான் பார்த்ததில்லை. பணம் சேர்ந்ததும், "கக்கூஸ் உள்ள போய் யார் பாக்கப்போறா? வாசல்ல ஒரு ஆர்ச் வெச்சா போறவன் வரவனெல்லாம் பார்ப்பான்" என்றார். அக்கா, "எம்பொண்ணு ஆர்ச்சுல போய் உக்கார முடியாது சார்" என்றார். கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆர்ச் அதோடு போயிற்று.

ஆனால் பழைய கழிப்பறையைத் திறந்து, குழியும் சுவரும் தேறுமா என்று பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, அதுவரை முறைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று, "அதைத் திறக்காதீங்க. அப்படியே இடிச்சிடுங்க" என்றார். சாவி கேட்டேன், தொலைந்துவிட்டது என்றார். புதிதாகக் கட்டினால்தானே கமிஷன் கிடைக்கும் என்று நினைத்து, அவர் சொன்னதை நான் மதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. நூலகர் முன் கேட் சாவியை மட்டும் கொடுத்திருந்தார். நானும் ஃபரிதா அக்காவும் பிளம்பர் டில்லியும் போனோம். டில்லி எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த ஆள், நாற்பது வயது, எந்தச் சாக்கடையிலும் கையை விடுவான். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனதுமே நாற்றம் அடித்தது. சாதாரணக் கழிப்பறை நாற்றம் இல்லை. அழுகிய முட்டையும் ஈரச் சாக்கும் சேர்ந்தது போல, நாக்கில் படிகிற நாற்றம்.

"இன்னா சார் இது, உள்ள பெருச்சாளி எதுனா செத்துகீதா" என்று டில்லி துண்டை மூக்கில் கட்டிக்கொண்டான்.

கொடியை அறுத்து இழுத்துப் போட்டோம். தகரக் கதவு, அதில் பெரிய பூட்டு, பூட்டும் கொண்டியும் துருவில் ஒன்றாகிப் போயிருந்தன. தகரம் எவ்வளவு இற்றுப்போயிருக்கிறது என்று பார்க்க டில்லி விரலை மடக்கி இரண்டு முறை தட்டினான்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "ஆள் இருக்கு" என்றது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அலறல் இல்லை, அழுகை இல்லை. ரயில்வே ஸ்டேஷனிலோ கல்யாண மண்டபத்திலோ கதவைத் தட்டினால் ஒரு பெண் எப்படிச் சொல்வாளோ அப்படி, கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் கூச்சத்தோடு. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மூன்று பேரும் நகர்ந்து வந்தோம். நானும் டில்லியும் மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டு நூலகச் சுவரைப் பார்த்து நின்றோம். டில்லி மெதுவாக, "உள்ள ஆள் கீது சார், வெயிட் பண்ணலாம்" என்றான். நான் சரி என்றேன். அந்த நிமிஷம் எனக்கு எதுவும் விநோதமாகத் தோன்றவில்லை என்பதுதான் விநோதம். பின்னால் மக்கில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம், ஊற்றுகிற சத்தம். மறுபடி ஊற்றுகிற சத்தம்.

அக்காதான் முதலில் சுதாரித்தார். குரல் காற்றாக வந்தது.

"தம்பி. பூட்டு வெளிய தொங்குது."

அக்காவே கதவருகே போய், "யாரும்மா உள்ள? பயப்படாத, தொறக்குறோம்" என்றார். தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. நான் கழிப்பறையை ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன். பின்சுவரில் கையளவு ஜன்னல், அதில் கம்பி. வேறு வழியே இல்லை. டில்லி கட்டிங் மெஷினை எடுத்துப் பூட்டை அறுத்தான். பூட்டு விழுந்தும் கதவு வரவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. நானும் அவனும் தோளால் மோத, தாழ்ப்பாள் பிய்ந்து கதவு உள்பக்கம் சாய்ந்தது.

யாரும் இல்லை.

சுவரில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளக் கறை. அந்தக் கறை எனக்கு நன்றாகத் தெரியும், இந்தப் பகுதியில் நூறு கார்களில் பார்த்திருக்கிறேன். தரை முழுக்க முழங்கால் அளவு சேறு, வருஷக்கணக்கில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புகளில் கரப்பான் சிறகும் முட்டையுமாக நிறைந்து கிடந்தது. பீங்கானே தெரியவில்லை. அந்தச் சேற்றின் மேல் ஒரு காலடி கிடையாது, கதவு சாய்ந்து கீறிய கோடு மட்டும்தான். குழாயைத் திருகினேன், தலை உடைந்து கையோடு வந்தது. உள்ளே துருதான் இருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஆனால் அறையின் நடுவில், சேற்றின் மேல், ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம் இருந்தது. அதில் நுரை. சோப்பு நுரை. நாங்கள் பார்க்கப் பார்க்கக் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. அந்த அழுகல் நாற்றத்துக்கு நடுவில் புதுச் சோப்பு வாசனை வந்தது பாருங்கள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து மத்தியானம் சாப்பிட்டதையெல்லாம் சுவர் ஓரமாக வாந்தி எடுத்தேன். அன்றிலிருந்து வாசனைச் சோப்பு என் வீட்டில் கிடையாது.

பழக்க தோஷம், நான் விசாரித்தேன். வெள்ளத்தில் எங்கள் பகுதியில் யாராவது காணாமல் போனார்களா, நூலகத்துக்கு வந்த பெண்கள் யாராவது என்று நூலகரை, பழைய பேப்பர்காரரை, ஸ்டேஷனில் தெரிந்த ஏட்டை எல்லாம் கேட்டேன். அப்படி யாரும் இல்லை. கடைசியாகச் சபாபதி சார் வீட்டுக்குப் போனேன். கழிப்பறையைத் திறந்துவிட்டோம் என்று மட்டும்தான் சொன்னேன்.

அவர் டிவியை அணைத்துவிட்டு, "கொரல் கேட்டுதா?" என்றார்.

பிறகு அவரே சொன்னார். வெள்ளத்துக்குச் சில மாதம் முன்பு, பக்கத்து மனையில் அபார்ட்மெண்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த சித்தாள் பெண்கள் நூலகக் கழிப்பறைக்கு வந்து போனார்கள். மெம்பர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று இவர்தான் பூட்டு வாங்கிவந்தார்.

"பூட்டறதுக்கு முன்னாடி தட்டினேன் சார். நான் ஒண்ணும் மிருகம் இல்லை. ஆள் இருக்குன்னு சத்தம் வந்துது. அஞ்சு நிமிஷம் நின்னேன். வரலை."

"அப்புறம்?"

"எவ்ளோ நேரம் சார் நிக்கறது? திமிருதானேன்னு தோணிச்சு. ஒரு பாடம் கத்துக்கட்டும்னு பூட்டிட்டேன். நான் பூட்டின அப்புறம் உள்ள தாழ்ப்பாள் போடற சத்தம் கேட்டுது."

"ஆளை உள்ள வெச்சா?"

"காலையில முதல் வேலையா வந்து திறந்து பார்த்தேன் சார். யாரும் இல்லை."

"யாரும் இல்லைன்னா மறுபடி ஏன் பூட்டினீங்க? உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தா எப்படித் திறந்தீங்க?"

அவர் பேண்ட் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பொய் சொல்கிறவர்களோடு இருபது வருஷம் பழகியவன் நான். அவர் திறந்து பார்க்கவேயில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். ஆனால் திறக்காமலே இருந்திருந்தால், அந்தச் சேற்றுக்கடியில் ஏதாவது இருந்திருக்க வேண்டும். பிறகு, இடிப்பதற்கு முன், டில்லி மண்வெட்டியால் தரைவரை வெட்டி எடுத்துக் கூடை கூடையாகக் கொட்டினான். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கூடையையும் கிளறிப் பார்த்தேன். ஒரு வளையல் துண்டு கூட இல்லை. அன்று அவர் வீட்டில் கொடுத்த காபியை நான் தொடவில்லை. அந்த நாற்றத்தில் வராத அருவருப்பு அந்தச் சென்ட் வாசனையில் வந்தது.

பழையதை இடித்துவிட்டு, மறுபக்கம் வெளிச்சமான இடத்தில் இரண்டு அறைகள் கட்டினோம். வெள்ளை டைல்ஸ், நல்ல தண்ணீர். யார் பெயரும் போடவில்லை. கட்டட வேலைக்கு வரும் பெண்களும் உபயோகிக்கலாம் என்று அக்கா தன் கையாலேயே எழுதி ஒட்டினார். நஸ்ரின் இப்போது மேஜைமேல் பெரிய பாட்டில் வைத்துக்கொண்டு படிக்கிறாள். அங்கே இதுவரை யாருக்கும் எதுவும் கேட்டதில்லை. திறப்புக்குச் சபாபதி சார் வரவில்லை, அதற்குப் பிறகு நூலகப் பக்கமே வருவதில்லை.

போன மாதம் அவர் மனைவி ஃபரிதா அக்கா கடைக்குப் பிளவுஸ் கொடுக்க வந்திருக்கிறார். துணியை அளந்துகொண்டிருக்கும்போதே அழுதிருக்கிறார். வீட்டில் பாத்ரூம் கதவை யார் சாத்தினாலும் சபாபதி சார் வெளியே வந்து நின்றுகொள்கிறாராம். மருமகள் குளிக்கப் போனாலும் விடாமல் தட்டுகிறாராம், அந்தப் பெண் கோபித்துக்கொண்டு புருஷனையும் கூட்டிக்கொண்டு வண்டலூரில் அம்மா வீட்டுக்கே போய்விட்டாளாம். இதையெல்லாம் கேட்டு அவருக்கு வேண்டியதுதான் என்று எனக்குத் தோன்றியது, ஒளிக்கவில்லை. ஆனால் அந்த அம்மா கடைசியாகச் சொன்னதை அக்கா என்னிடம் சொன்னபோது, நான் ஸ்டார்ட் செய்த வண்டியை அணைத்துவிட்டேன்.

"இப்ப வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். நான் அடுப்படில நிப்பேன். அவர் போய் பாத்ரூம் கதவைத் தட்டுவார். கொஞ்ச நேரம் காது குடுத்துக் கேட்பார். அப்புறம் சரி சரின்னு தலையாட்டிட்டு, தள்ளி வந்து நிப்பார்."