கீழ்த்தளத்து வட்ட ஜன்னல்

கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவள் கேட்ட கேள்விகளைப் புகுந்த வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். ஹால் கடிகாரம் ஏன் எப்போதும் முன்னாலேயே ஓடுகிறது, பரண்மேல் இருக்கும் காலிப் பெட்டிக்கு எதற்குப் பூட்டு, பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் பார்த்தால் மட்டும் ஏன் தலையைக் குனிந்துகொள்கிறார் என்று அடுக்கிக்கொண்டே போனாளாம். கணவனின் அக்கா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "என் தம்பி பொண்டாட்டியக் கூட்டிட்டு வரல, சி.ஐ.டி.யக் கூட்டிட்டு வந்திருக்கான்" என்றாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன்பின் சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக்கூட அவள் சி.ஐ.டி. அத்தைதான்.

வேலையும் அதற்குத் தோதாகத்தான் வாய்த்தது. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. ஃபிரேமின் காதுப்பக்கத்தைச் சின்னச் சூடேற்றியில் இளக்கி, வளைத்து, வந்தவரின் காதுக்குப் பின்னால் பொருத்திப் பார்ப்பாள். அந்த இரண்டு நிமிடத்துக்குள் அவர் எங்கே வேலை பார்க்கிறார், மகளுக்கு வரன் ஏன் தட்டிப்போகிறது, முதுகுவலிக்கு எந்த டாக்டர் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். நோய்க்காலம் வந்ததும் அவள் வாயைக் கட்டிப்போட்டாற்போல் ஆயிற்று. முகக்கவசமும் நடுவில் பிளாஸ்டிக் தடுப்புமாக எல்லாரும் ஒரேமாதிரி ஆகிவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "கண்ணாடில ஆவி படியுதுங்க."

அந்த நோய்க்கு முன்பே, வெளிநாட்டில் இருக்கும் மகன் அப்பா அம்மாவுக்கு ஒரு சொகுசுக் கப்பல் பயணம் பதிவு செய்திருந்தான். உலகத்திலுள்ள கப்பல்களெல்லாம் நின்றபோது அதுவும் நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியதும் மகன் போனில் கூப்பிட்டான். "இந்த வருஷத்துக்குள்ள போகலைன்னா வீணாப் போயிடும்மா."

கணவர் அசையவில்லை. இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். நோய் வந்ததிலிருந்து வாசற்கதவு வரைதான் அவர் உலகம். பால் பாக்கெட்டை இன்னும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். "கப்பல்னா என்ன? மூடி போட்ட டப்பா. அதுக்குள்ள போய் ஆயிரம் பேர் விட்ட மூச்ச நான் இழுக்கணுமா?"

"அப்ப நான் மட்டும் போயிட்டு வர்றேன்" என்றாள் சி.ஐ.டி.

அன்று வீட்டுக்கு வந்திருந்த நாத்தனார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். அவளுடைய கணவர் இறந்து பல வருடமாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. ஊரின் மறுகோடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தாள். "இவளத் தனியா விட்டா கப்பல் இஞ்சினையே கழட்டிப் பார்த்துடுவா. நான் கூடப் போறேன்."

இத்தனை வருட உறவில் இருவரும் ஓர் அறையில் சேர்ந்து தூங்கியதில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. நாத்தனார் அளந்து பேசுவாள், இவள் அளக்காமல் பேசுவாள், அவ்வளவுதான்.

துறைமுகத்தில் மூக்குக்குள் குச்சி விட்டுப் பரிசோதித்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஒரு தெருவை அப்படியே தூக்கி நிமிர்த்தி வைத்தாற்போல் நின்றது கப்பல். அறையில் பால்கனி, வெள்ளைவெளேரென்ற படுக்கை, இழுத்தால் புலி உறுமுவதுபோல் சத்தம் போடும் கழிப்பறை. சி.ஐ.டி. அதை மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். "அது என்ன விளையாட்டுச் சாமானா?" என்று படுக்கையிலிருந்து குரல் வந்தது.

நடைபாதைக் கம்பளத்தில் மீன்கள் நெய்திருந்தன. எல்லா மீனும் ஒரே பக்கம் பார்த்து நீந்துவதை முதல் நாளே கவனித்துவிட்டாள். அறையைச் சுத்தம் செய்ய வந்த பணியாளரிடம் கேட்டாள். அவர் வேறு நாட்டுக்காரர். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான், மீதியைக் கை பேசியது. மீன்கள் கப்பலின் முன்பக்கம் பார்த்துத்தான் போகும், வழி தெரியாதவர்கள் மீனைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். லிஃப்டுக்குள் விரித்திருந்த பாயிலோ அன்றைய கிழமை எழுதியிருந்தது. மறுநாள் போனால் அடுத்த கிழமை. யார் மாற்றுகிறார்கள், எப்போது மாற்றுகிறார்கள்? நாத்தனாரிடம் சொன்னாள். "கிழமை தெரிஞ்சா போதாதா உனக்கு?" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து நாத்தனாருக்குத் தொண்டை கரகரத்தது. வேறு யாராக இருந்தாலும் இஞ்சிச்சாறு குடித்துவிட்டு மூச்சுவிடாமல் இருந்திருப்பார்கள். இவள் கணக்கு டீச்சர். தானே மருத்துவப் பிரிவுக்கு போன் செய்து சொன்னாள். தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு இருவர் வந்தார்கள். அவளுக்குத் தொற்று இருந்தது, சி.ஐ.டி.க்கு இல்லை. நாத்தனாரைக் கீழ்த்தளத்துத் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். சி.ஐ.டி. தினமும் பரிசோதனை செய்துகொண்டு, முகக்கவசத்தோடு வெளியே நடமாடலாம்.

அவளுக்கு நடமாட மனசில்லை. பால்கனியில் உட்கார்ந்து கடலை வெறித்துக்கொண்டிருந்தபோது அறை போன் அடித்தது.

"என்ன பண்ற?"

"சும்மா உக்காந்திருக்கேன் அண்ணி. உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்பு இருக்கு. நீ எதுக்கு உக்காந்திருக்க? இங்க எனக்கு ஒரு வட்ட ஜன்னல்தான். தட்டு சைசு. அதுல பாதி தண்ணி, பாதி வானம். போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு. சுருக்கமா."

சி.ஐ.டி. எழுந்து போனாள். ரொட்டி சுடும் இடத்தின் வாசம் எந்தக் கதவு வழியாக வருகிறது என்று மோப்பம் பிடித்தாள். நீச்சல்குளத்துத் தண்ணீர் கப்பல் சாயும்போது எந்த ஓரம் ஏறுகிறது என்று பார்த்தாள். தினமும் ஒரே நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் கிழவர் அதில் ஒருநாளும் உட்காராததன் காரணத்தைக் கேட்டே விட்டாள். மனைவிக்காக அவர் பிடித்து வைப்பது. மனைவிக்கோ அந்த இடமே பிடிக்காது. மாலையில் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். முதல்நாள் நாத்தனார் "ம்" கொட்டினாள். மறுநாள், "அப்புறம் அந்தம்மா எங்கதான் உக்காருவாங்களாம்?" என்று கேட்டாள். அதற்கடுத்த நாள் சி.ஐ.டி. அழைப்பதற்குள் அங்கிருந்தே போன் வந்துவிட்டது.

அன்று சொல்வதற்குப் பெரிய விஷயம் இருந்தது. கப்பல்கள் நின்றுபோன காலத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அறைப் பணியாளரிடம் கேட்டிருந்தாள். இந்தக் கப்பலில்தான் என்றார் அவர். பயணிகளை இறக்கிவிட்டார்கள், வேலையாட்களை இறக்க எந்த ஊரும் சம்மதிக்கவில்லை. மாதக்கணக்கில் கரை தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டுக் கிடந்தார்கள்.

"அவங்களுக்கெல்லாம் நம்ம மாதிரி பால்கனி ரூம் குடுத்துட்டாங்களாம் அண்ணி. வருஷக்கணக்கா விரிச்ச படுக்கைல அன்னிக்குத்தான் முதல்ல படுத்தாராம். தூக்கமே வரலையாம். அந்த லிஃப்டுப் பாய் இருக்குல்ல, அதை மாத்தறதுக்கே யாருக்கும் தோணலையாம். ரொம்ப நாளைக்கு ஞாயித்துக்கிழமையாவே இருந்துச்சாம்!"

"அப்ப வேலை?"

"காலி ரூம் ஒவ்வொண்ணாப் போய்க் குழாயத் திறந்து விடணுமாம். இல்லாட்டி பைப்பெல்லாம் கெட்டுப்போயிடுமாம். ஆளில்லாத ரூம்ல தண்ணி ஓடற சத்தம் கேட்டுட்டு நிப்பாராம்."

இணைப்புப் போய்விட்டதோ என்று சி.ஐ.டி. "அண்ணி?" என்றாள்.

"நானும் திறந்து விடுவேன்" என்றாள் நாத்தனார். "அந்த ஊரடங்கு சமயத்துல. பின்னாடி பாத்ரூம் குழாயத் திறந்து விட்டுட்டு வந்து ஹால்ல உக்காந்துப்பேன். யாரோ உள்ள குளிச்சிட்டிருக்காங்கன்னு இருக்கும். தண்ணி வீணாகுதேன்னு அஞ்சு நிமிஷத்துல போய் மூடிடுவேன்."

சி.ஐ.டி. போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். கடைக்கு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் குலம் கோத்திரம் விசாரித்தவள். நாத்தனாருக்கும் அந்த நாட்களில் தினம் போன் செய்தாள்தான். சாப்பிட்டீங்களா, மாத்திரை இருக்கா, காய் வந்துச்சா. பொழுது எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதில் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

"ஏன் அண்ணி சொல்லல?"

"நீ கேக்கலையே" என்றாள் நாத்தனார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. "சரி, அந்த ஆளு கரைக்குப் போனப்ப என்ன பண்ணாராம்? அதக் கேட்டியா?"

கேட்டிருக்கவில்லை. மறுநாள் கேட்டுச் சொன்னாள். கரையில் இறங்கியவர் முதலில் ஒரு நாயைத் தொட்டுப் பார்த்தாராம். யாருடைய நாய் என்று தெரியாது.

அடுத்த நாள் விடிந்தும் விடியாததுமாக போன் அலறியது. கப்பல் ஒரு துறைமுகத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, எழுந்தியா? என் ஜன்னல்கிட்ட ஒரு படகு வந்துச்சு. குட்டிப் படகு, ஆரஞ்சுக் கலரு. நம்ம கப்பல் ஓடிட்டே இருக்கு, அதுவும் ஓடிட்டே ஒட்டிக்கிச்சு. அதுலேர்ந்து ஒருத்தர் கயித்து ஏணியப் பிடிச்சுத் தொங்கி ஏறி, கப்பல் சுவத்துக்குள்ள போயிட்டார்! சுவத்துல கதவு இருக்கு! உனக்குத் தெரியுமா?"

சி.ஐ.டி.க்குத் தெரியாது. பத்து மாடி உயரத்துப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் நுரைதான் தெரிந்தது. கப்பலை மோப்பம் பிடித்துத் திரிந்தவள் அவள். பார்க்க வேண்டியதைப் பார்த்தது தட்டு அளவு ஜன்னல். பொறாமையாகவே இருந்தது.

"திருடனா இருக்குமோ?" என்றாள் நாத்தனார்.

"காலங்காத்தால யாராவது கப்பல் ஏறித் திருட வருவாங்களா? இருங்க, கேட்டுட்டு வர்றேன்."

அறைப் பணியாளர் சிரித்தார். ஏணியில் ஏறியவர் பைலட்டாம். "பைலட்னா விமானம் ஓட்டறவங்க இல்லையா?" என்றாள் சி.ஐ.டி. இல்லை, அந்தந்தத் துறைமுகத்துத் தண்ணீரின் ஆழமும் மேடும் தெரிந்த ஆள். எவ்வளவு பெரிய கேப்டனாக இருந்தாலும் உள்ளே போகும்போது அவர் வந்து பக்கத்தில் நின்று வழி சொல்ல வேண்டும் என்றார். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இப்படி ஏணியில் ஏறித்தான் வருவார்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் நாத்தனாரை வெளியே விட்டார்கள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மேலே வந்ததும் ஓய்வு எடுக்கவில்லை. கம்பளத்து மீன்களைப் பார்த்தாள், துண்டு போடும் கிழவருக்கு வணக்கம் சொன்னாள், கழிப்பறையை இரண்டு முறை இழுத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் வெளியே வந்தாள். அறைப் பணியாளரிடம் தன் அரைகுறை ஆங்கிலத்தில் அந்த நாயின் நிறத்தை விசாரித்தாள்.

சொந்த ஊர்த் துறைமுகத்தை நெருங்கிய காலையில் இரண்டு பேரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கம்பியோரம் காத்து நின்றார்கள். ஆரஞ்சுப் படகு வரவே இல்லை. வெயில் ஏறிவிட்டது. திடீரென்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "என் ஜன்னல் அந்தப் பக்கமில்ல இருந்துச்சு!" இரண்டு பேரும் மறுபக்கம் ஓடினார்கள். ஓடிப் போய்ப் பார்த்தபோது படகு விலகிப் போய்க்கொண்டிருந்தது. ஏணியைச் சுருட்டிவிட்டார்கள். கப்பல் சுவரில் கதவு இருந்த தடயமே இல்லை. நாத்தனார் அடக்க முடியாமல் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து சி.ஐ.டி. பார்த்ததில்லை.

கணவர் வாசலிலேயே கை கழுவச் சொன்னார். நாத்தனார் நேரே தன் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு வாரம் தம்பி வீட்டில் இருந்தாள். முதலில் நாலு அடி தள்ளி உட்கார்ந்து கதை கேட்ட தம்பி, சுவர்க்கதவு விஷயம் வந்ததும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"ஓடற கப்பல்ல எப்படிக்கா ஏற முடியும்? இடையில விழுந்துட்டா?"

"நான் கண்ணால பார்த்தேன்டா."

"நான் பார்க்கல" என்றாள் சி.ஐ.டி., ஆற்றாமையோடு.

அவர் கொஞ்சநேரம் யோசித்தார். "துறைமுகத்துச் சுவர்கிட்ட நின்னா அந்தப் படகாவது தெரியும்ல? அங்க காத்தோட்டமாத்தான் இருக்கும். கூட்டமும் இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் போனார்கள். அவர் ஒன்றுக்கு இரண்டாக முகக்கவசம் போட்டிருந்தார். பஸ்ஸில் கம்பியைத் தொடாமல் நின்று, திரும்பும் இடத்தில் சரிந்து, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். துறைமுகச் சுவரோரம் காற்று பிய்த்தது. ஆரஞ்சுப் படகு கட்டிப்போட்டபடி ஆடிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடலில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கப்பலும் இல்லை.

"அடுத்த கப்பல் எப்பன்னு யார்கிட்டக் கேக்கறது?" என்றார் அவர்.

பெண்கள் இருவரும் அதற்குள் படகை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். சி.ஐ.டி. வாய் திறப்பதற்கு முன்பே நாத்தனார் கையை ஆட்டி, டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.