மிளகாய்க்குக் காவல்

கறித்தூள் விற்கிற எனக்கு, மில்லில் காவல் நிற்பதுதான் பாதி வேலை. வெள்ளவத்தை பிளாட்டில் மிளகாயையும் மல்லியையும் வறுத்து, ஒரே பையில் கலந்து கட்டிக்கொண்டு, கொட்டாஞ்சேனை மில்லுக்கு பஸ் ஏறுவேன். அங்கே மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று தும்முவேன். கண்ணை எடுத்தால் நல்ல மிளகாய் போய்ப் பழைய மிளகாய் வந்துவிடும் என்பது என் எண்ணம். மில்காரர் ஒவ்வொரு முறையும் பையை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்ப்பார். எதை எவ்வளவு போடுகிறேன் என்ற என் அளவைக் களவெடுக்கிறார் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிறுதொழில் செய்பவர்களுக்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு இலவச வகுப்பு நடந்தது. இலவசம் என்றாலே எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் போனேன். உங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலையை நீங்கள் செய்யுங்கள், மற்றதை மற்றவர்களிடம் விடுங்கள் என்றார் வகுப்பெடுத்தவர். அவர் வாழ்நாளில் ஒரு மில் வாசலில் நின்று தும்மியிருக்க மாட்டார். எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த நேரம் பார்த்து, இரத்மலானையிலிருந்து வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்புகிறவர் போன் எடுத்தார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தூள் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் தர முடியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். அவர் போனால் என் வியாபாரமும் போய்விடும். மில்லில் நின்றால் வறுக்க முடியாது, வறுத்தால் மில்லில் நிற்க முடியாது.

உதவிக்கு ஆள் இல்லாமலில்லை. மில்லுக்குக் கிட்ட, ஜிந்துப்பிட்டியில் என் மச்சாள், கணவரின் தங்கை, இருக்கிறா. அவவின் புருஷனுக்கு வேலை போனதிலிருந்து, "அண்ணி, நானும் வந்து நிக்கட்டே?" என்று கேட்டபடியே இருந்தா. இன்றைக்கு நிற்க விட்டால் நாளைக்கு அதே தூளை அதே தெருவில் விற்பா என்று நான் ஏதாவது சாட்டுச் சொல்லித் தட்டிக்கழித்துவிடுவேன்.

புதன்கிழமை காலை மில்லுக்குப் போனேன். வருவது வரட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு பையை மில்காரரின் மேசையில் வைத்தேன். அண்ணன் முறைக்கு அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"நானா, நீங்க அரைச்சு வையுங்கோ. நான் பின்னேரம் வந்து எடுக்கிறன்."

"ஏலா தங்கச்சி" என்றார் மில்காரர். "ஆள் நிக்காம நான் அரைக்க மாட்டன்."

"ஏன், நான் உங்களை நம்பித்தானே தாறன்?"

"நான் நம்பணுமே. ஒருத்தங்க இப்படித்தான் வச்சிட்டுப் போய், தூள்ல மரத்தூள் கலந்திட்டேன்னு ரோட்டுல நிண்டு சத்தம் போட்டாங்க. அதுக்குப் பொறகு யார் பை வந்தாலும் மோந்து பார்த்துத்தான் எடுக்கிறது."

இத்தனை காலமும் நான் அவரைக் காவல் காக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரோ என்னைக் காவல் காத்திருக்கிறார்!

வீட்டில் வறுக்காத மிளகாய் மூட்டையாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் மில் வாசலில் நின்றே மச்சாளுக்கு போன் எடுத்தேன். கேள்வி ஒன்றும் கேட்காமல் நடந்தே வந்து சேர்ந்தா. அவவை மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் பஸ் ஏறினேன், ஆனால் வெள்ளவத்தை வரும்வரை மனம் மில்லிலேயே நின்றது.

பின்னேரம் தூளோடு திரீவீலரில் வந்து இறங்கினா. நான் மோந்து பார்த்தேன், விரலில் தேய்த்துப் பார்த்தேன், நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பைக்குள்ள என்னென்ன கிடந்ததெண்டு பாத்தனீரோ?"

"பாத்தனான் அண்ணி. தூள் வித்துப் பிழைக்க எனக்கு விருப்பமில்லை. எனக்கு வேலை வேணுமெண்டுதான் இவ்வளவு நாளும் கேட்டனான்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. நாளைக்கும் வர முடியுமா என்று கேட்டேன்.

"ஓம், வாறன்" என்றா. பிறகு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தா. "ஆனா சம்பளம் எவ்வளவெண்டு இப்பவே சொல்லுங்கோ. அண்ணாவையும் கூப்பிட்டு, அவருக்கு முன்னால சொல்லுங்கோ. பிறகு நீங்கள் மாத்திக் கதைக்கக்கூடாது."

சுருக்கென்று கோபம் வந்தது. என் வீட்டிலேயே இருந்துகொண்டு என்னிடமே சாட்சி கேட்கிறா. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது. உள்ளே திரும்பி, கணவரைக் கூப்பிட்டேன்.