நாலு ஜிபி கார்டில் நாலு பேர் வலை

கம்ப்யூட்டர் கடைக்காரியின் தலையெழுத்து இதுதான்: பெட்டி ஓடினால் வாங்கியவன் கெட்டிக்காரன், நின்றால் விற்றவள் திருடி. என்னைப்போல வாடிக்கையாளரிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட மகாஜனங்களே, இந்த அநியாயத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

பாதி காலி

கோட்டைக்குப்பத்தில் ஒரே படகில் போகும் நாலு பேர் கூட்டாகச் சேர்ந்து, பழவேற்காடு பஜாரில் இருக்கும் என் கடையில் ஒரு கேம் பெட்டி வாங்கினார்கள். லாரி ஓட்டுகிற கேம். மூணே மாசம். அவர்களில் வாய்க்காரனான சுதாகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கேமில் லாரி ஆந்திரா எல்லையில் இருக்கிற எளாவூர் செக்போஸ்ட்டை நெருங்கினால் திரை கறுத்து மூடிக்கொள்கிறதாம்.

கேமிலேயே ஏது எளாவூர்? திறந்து பார்த்தால் மோடு, மோடு, எல்லாம் மோடு. கேமோடு வராத புது ரோடு, புது லாரி, மழை, பனைமரம் என்று இவர்களே நெட்டிலிருந்து இறக்கி மேலே ஏற்றிய சரக்கு. திரையில் தெரிகிற படமெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த மெமரியில்தான் உட்காரணும், அதில் இருப்பது நாலே ஜிபி என்று தொண்டை வற்றச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினான்.

"டிஸ்க்குல பாதி காலியாக் கீதே அக்கா, அதுல போயி உக்காரச் சொல்லு."

பென்டிரைவ் வைத்தியம்

ரெண்டு நாள் கழித்து எட்டு ஜிபி பென்டிரைவோடு வந்தான். நாலும் எட்டும் பன்னிரண்டாம், கார்டோடு சேர்த்துவிடணுமாம்! முடியாதுடா, அந்த நாலு ஜிபி கார்டோடு கூடப் பிறந்தது என்றேன். முகம் சுருங்கிப்போய்விட்டது. நேரே டீக்கடைக்குப் போய், கெட்டுப்போன கார்டை அவர்கள் தலையில் நான் கட்டிவிட்டதாகச் சொல்லியிருக்கிறான்.

உப்புக்காற்றில் துருப்பிடித்த பெட்டிகளைத் துடைத்துத் துடைத்துச் சம்பாதித்த பேர் ஐயா இது! ஊர் ஒதுக்கிவிட்டால் குப்பத்துக்காரர் ஒருத்தர் என் கடைப் படி ஏற மாட்டார். சுதாகரைக் கூப்பிட்டுக் கேட்டால், கொஞ்சமும் கூசாமல் சொன்னான்:

"ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டத்துல வந்து சொல்லுக்கா, கார்டு நல்லதா கெட்டதான்னு."

ஆளுக்கு ஒண்ணுதான்

சனிக்கிழமை நாலு பேரையும் வரவழைத்தேன். மோடு ஏற்றியது யார்? "நான் ஒண்ணே ஒண்ணுதான்" என்று நாலு பேரும் சத்தியம் செய்கிறார்கள்.

துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. ஏரியில் மீன்பிடிக்கிற இடத்துக்கு முறை வைத்து இறங்குவார்களே, பாடு என்று, அதே மாதிரி பெட்டிக்கும் பாடு வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருத்தர். ஒண்ணு என்றால் ஒரு பாட்டுக்கு ஒண்ணு! இருப்பதிலேயே பெரிய மோடாகப் பார்த்து ஏற்றுவது. பாடு முடிந்தால் ஒருத்தனும் கழற்றுவதில்லை. அடப்பாவிகளா, முன்னால் ஏற்றியது நிற்கிறதே, கண் தெரியவில்லையா என்று கத்தினேன். நாலு பேரில் மூத்தவன் நாகராஜ் நிதானமாகச் சொன்னான்:

"அடுத்தவன் பாடுல இன்னா போட்டான்னு நாம கேக்கக்கூடாதுக்கா, அது தப்பு."

கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை ஊரார் முன்னால் பெட்டியை ஓட்டினேன். மெமரி அளவு திரை ஓரத்தில் ஏறி, எளாவூரில் முட்டி, கறுத்தது. நாகராஜ் போட்ட எளாவூர் ரோட்டை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் கழற்றினேன். லாரி செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவுக்குள்ளேயே போய்விட்டது.

"ஏரியில உங்க பாடு முடிஞ்சா வலையை எடுத்துக்கிட்டு வருவீங்களா, அடுத்தவனுக்கு உட்டுட்டு வருவீங்களா?" என்று கேட்டேன். சுதாகரின் நைனாவே எழுந்து, குற்றம் பசங்கமேல்தான், கார்டுமேல் இல்லை என்றார். அப்பாடா என்று உட்காரப் போனேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"இனிமே பாடு மாறச்சொல்ல பழைய மோடைக் கழட்டணும், பசங்களுக்குத் தெரியாது, அத்த நீயே வந்து கழட்டிக் குடுத்துடும்மா."

பேரைக் காப்பாற்றிக்கொண்டேன், அதற்குத் தண்டனையாக வாராவாரம் கோட்டைக்குப்பம் போய் எவனெவனோ போட்ட வலையை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.