துவைக்காத சேலை

ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்காரக் கூடாது. காலையில் கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நிற்க வேண்டும். திருச்சியில் அப்படி ஒரு கடையில் நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகுதான் குழந்தை பராமரிப்புப் பயிற்சியில் சேர்ந்தேன். குழந்தைகளோடு இருந்தால் தரையிலாவது உட்காரலாமே என்று நினைத்தேன். மற்றபடி குழந்தைகள் மேல் பெரிய பாசம் என்றெல்லாம் இல்லை.

அதற்கு முன்பு திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன். சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் பாத்திரம் கழுவினேன். கரூரில் கொசுவலை மடித்தேன். எங்கேயும் யாரும் என்னை விரட்டவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தால் இங்கே போதும் என்று தோன்றும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். முசிறியில் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அப்படித்தான்.

பயிற்சிக்குப் பெரிய படிப்பு கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள். முதல் மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் வகுப்பு நடந்தது. ரப்பர் பொம்மையை வைத்துக் குளிப்பாட்டவும் டயபர் மாற்றவும் சொல்லிக்கொடுத்தார்கள். பொம்மை உதைக்காது, கடிக்காது, மாற்றிக்கொண்டிருக்கும்போதே மூத்திரமும் போகாது. அதனால் எல்லோரும் நன்றாகச் செய்தோம். பிறகு வேலை பழக என்னை ஸ்ரீரங்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பினார்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில், முன்பக்கம் குறுகி உள்ளே நீண்டுபோகும் வீடு அது. நடுவில் ஒரு ஹால், அதைத் தாண்டிச் சமையலறை, கடைசியில் துவைக்கும் இடம். நடத்துகிறவர் ஒரு மேடம். வெகுநாளாக இருக்கும் ஆயா ஒருத்தர். அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், மேடம் உட்பட. மூன்றாவது ஆள் நான்.

தரையில் உட்காரலாம் என்று நான் நினைத்தது நடக்கவில்லை. உட்காரலாம்தான், உடனே எழ வேண்டும். ஒரு குழந்தைக்குக் கால் கழுவிவிட்டு வருவதற்குள் இன்னொன்று பருப்புசாதக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்திருக்கும். அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஒன்று முதுகில் ஏறும். சாயங்காலம் அறைக்குப் போய்ப் பார்த்தால் தோளில் யாருடையது என்று தெரியாத சளி காய்ந்திருக்கும். நின்றே இருந்தபோது கால் மட்டும் வலித்தது. இங்கே எது வலிக்கவில்லை என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

மத்தியானத் தூக்கம் ஒன்றுதான் மிச்சம். சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்து, பாய் விரித்துப் படுக்கவைத்துவிட்டால் ஒன்றரை மணி நேரம் வீடு அடங்கும். அந்த நேரத்தில்தான் நாங்கள் சாப்பிடுவோம், ஈரத் துணிகளைக் காயப்போடுவோம், சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவோம். ஒரு குழந்தை தூங்காமல் வீரிட்டால் எல்லாம் எழுந்துகொள்ளும். எழுந்தால் அந்த நாள் அவ்வளவுதான். பிள்ளை கடித்தால்கூட மேடம் பொறுத்துக்கொள்வார். தூங்காத பிள்ளையைப் பொறுக்க மாட்டார்.

அப்படி ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஒரு வயதிருக்கும். அவன் அம்மா காந்தி மார்க்கெட் பக்கம் வெங்காய மண்டியில் வேலை பார்த்தாள். மூட்டையைக் கொட்டி, அழுகலைப் பொறுக்கி, வேரையும் தாளையும் அரிந்து தரம் பிரிக்கும் வேலை. வீட்டுக்காரர் கேரளாவில் இருந்தார். பையனைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அதுவரை மண்டிக்கே கூட்டிப்போயிருக்கிறாள். லாரி பின்னால் வரும் இடம் என்று, அவன் இடுப்பில் துணியைக் கட்டி மறுமுனையை மூட்டையில் முடிந்து வைப்பாளாம். ஒரு நாள் முடிச்சு அவிழ்ந்து லாரிச் சக்கரம் வரை தவழ்ந்துவிட்டான். மறுநாளே மண்டிக்காரர், பிள்ளையோடு வருவதானால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் பையனை என் கையில் கொடுக்கும்போது அவள் கேட்டது இதுதான்.

"இங்க கட்டிப் போட மாட்டீங்கல்லக்கா?"

"மாட்டோம்மா."

கட்டிப்போடாத பிள்ளை வாசல்வரை தவழ்ந்து போய்க் கதவைத் தட்டி அழுதான். காலையில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு விளையாடுவான். சாப்பிடவும் செய்வான். பாயில் போட்டால்தான் அழுகை ஆரம்பிக்கும். தட்டிக்கொடுத்தேன், தோளில் போட்டு நடந்தேன், பாடினேன். மற்ற பிள்ளைகளெல்லாம் எழுந்து உட்கார்ந்து அவனை வேடிக்கை பார்த்தார்கள்.

"இவங்கம்மா தொண்டையில ஸ்பீக்கர் செட்டை வெச்சு அனுப்பியிருக்கா," என்றார் ஆயாக்கா. "நீ பாடினதுல தூங்கிக்கிட்டிருந்ததும் எந்திரிச்சிருச்சு. பயிற்சி பயிற்சின்னு போனியே, தூங்க வைக்கறதுக்குப் பாடம் நடத்தலையா?"

ஒரு வாரம் இப்படிப் போனது. அடுத்த திங்கட்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த வாரம் மட்டும் பாப்போம். தூங்கலைன்னா வேற எடம் பாத்துக்கச் சொல்லிடலாம். எனக்கு மத்த புள்ளைங்களும் இருக்குல்ல?"

வேறு இடம் இல்லை என்று மேடத்துக்கும் தெரியும். அவள் கொடுக்கக்கூடிய கட்டணத்துக்கு அந்தப் பக்கத்தில் யாரும் சேர்க்க மாட்டார்கள். பையன் இங்கே இல்லையென்றால் அவளுக்கு மண்டி இல்லை.

வகுப்பில் சொன்ன ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. புது இடத்தில் தூங்காத குழந்தைக்கு அம்மா கட்டிய துணியைப் பக்கத்தில் போடலாம் என்று சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் அவள் வந்ததும், நீங்கள் கட்டிய சேலை ஒன்றை நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றேன்.

கொண்டுவந்தாள். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, ஜவுளிக்கடைப் பையில் மடித்துக் கொண்டுவந்தாள். பிரித்தால் பாச்சை உருண்டை வாசனை. பையன் அதைத் தள்ளிவிட்டு அழுதான்.

"துவைக்காம கொண்டாங்கம்மா," என்றேன்.

புதன்கிழமை வேறு சேலை வந்தது. அதுவும் துவைத்ததுதான். சோப்புத்தூள் வாசனை தூக்கலாக இருந்தது.

"அழுக்குச் சேலையை எப்படிக்கா குடுக்கறது? இங்க வர்றவங்கள்லாம் எப்படி வர்றாங்க, பாக்கறேன்ல."

ஆயாக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா, உம்புள்ளை என்ன கல்யாணத்துக்கா போறான்? நேத்து மண்டிக்கு எதைக் கட்டிட்டுப் போனியோ அதைச் சுருட்டிக் கொண்டா."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அது நாறும்க்கா. முன்னல்லாம் அதோட பஸ்ஸுல உக்காந்தா பக்கத்துல உள்ளவங்க எந்திரிச்சுப் போவாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தினமும் பையனை அழைத்துப்போக வரும் முன் அவள் மண்டிக் குழாயில் கை கால் முகமெல்லாம் ஷாம்பு போட்டுக் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டுதான் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறுவாள். எங்களுக்கு எதிரில் அவள் ஒரு நாளும் மண்டிக்காரியாக வந்து நின்றதில்லை. பையனோ பிறந்ததிலிருந்து அந்த வாசனையில்தான் தூங்கியிருக்கிறான்.

வியாழக்கிழமை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு ஒரு சேலையைக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள். மத்தியானம் முடிச்சை அவிழ்த்தேன். ஹால் முழுக்க வெங்காயம். என் கண்ணில் தண்ணீர் வந்தது. உருக்கம் ஒன்றும் இல்லை, நெடிதான். பையன் முந்தானையை இழுத்து மூக்கிலும் வாயிலும் அமுக்கிக்கொண்டு, இரண்டு தடவை விசும்பிவிட்டுத் தூங்கிப்போனான். நானும் ஆயாக்காவும் சூடான சோறு சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமையும் தூங்கினான். அன்றைக்குத்தான் வேறொன்று நடந்தது. பக்கத்துப் பாயில் படுக்கும் பெண் குழந்தை உருண்டு வந்து அந்தச் சேலையின் மறுபாதியில் படுத்துக்கொண்டது. அதுவும் லேசில் தூங்குகிற பிள்ளை இல்லை. நன்றாகத் தூங்குகிறதே என்று விட்டுவிட்டேன்.

அந்தக் குழந்தையின் அம்மா பேங்கில் வேலை பார்ப்பவர். சாயங்காலம் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுக்கப் போனவர் அப்படியே நின்றார்.

"ஏன்மா, எங்காத்துல வெங்காயமே சேக்க மாட்டோம். இவ தலையெல்லாம் வெங்காய வாசனை வர்றதே? ஏதாவது ஊட்டினேளா?"

மேடம் ஓடிவந்து, இல்லவே இல்லை, உங்கள் டப்பா சாதம்தான் என்று சத்தியம் செய்தார். அந்த அம்மா நம்பாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் சொல்லித்தான் இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் எங்களிடம் வந்திருந்தார்கள்.

"அந்தச் சேலை இனிமே இங்க வரக் கூடாது," என்றார் மேடம்.

"சேலை இல்லைன்னா பையன் தூங்க மாட்டான் மேடம்."

"அப்ப பையனும் வேணாம். திங்கக்கிழமை அவங்கம்மாகிட்ட நீயே சொல்லிடு. நீதானே சேலையைக் கேட்ட?"

சனி, ஞாயிறு என் அறையில் படுத்தே கிடந்தேன். இது என் பிள்ளையா, என் வீடா என்று நினைத்தேன். வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எழுந்து பையைத் தேடும் தெம்பு இல்லை. அதனால்தான் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன் என்று சொன்னால் அது பொய் இல்லை.

மண்டிக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்பதால் அவள்தான் எப்போதும் முதலில் வருவாள். பையனைக் கொடுத்தாள். சொல்ல வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிடும் என்று அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பேங்க் அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவரிடம் சொல்லலாம் என்று நான் திட்டம் எதுவும் போடவில்லை. குழந்தையை வாங்கும்போது வாய் தானாகப் பேசிவிட்டது.

"நாங்க எதுவும் ஊட்டலைங்க. இன்னொரு புள்ளையோட அம்மா வெங்காய மண்டியில வேலை பாக்கறாங்க. அவங்க சேலை இல்லாம அந்தப் புள்ளை தூங்காது. உங்க பாப்பா உருண்டு வந்து அது மேல படுத்துக்கிச்சு. நான்தான் எழுப்பலை."

திட்டுவார் என்று நின்றேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

"தூங்கினாளா?"

"தூங்கிச்சுங்க."

"எவ்வளவு நாழி?"

"நாங்க எழுப்பற வரைக்கும்."

அவர் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆத்துல பகல்ல கண்ணை மூட மாட்டா. ராத்திரியும் அதே கதைதான். நான் முழுசாத் தூங்கி எத்தனை மாசமாச்சு, தெரியுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "வாயில ஒண்ணும் போடலையே?"

"இல்லைங்க. வெறும் சேலைதான்."

"சரி, படுத்துக்கட்டும். நான் வர்றதுக்கு முன்னால தலையை நன்னாத் துடைச்சு, கவுனை மாத்தி விட்டுடுங்கோ. எங்க மாமியார் மோப்பம் பிடிச்சுடுவா. மேடம்கிட்ட நானே போன்ல சொல்லிக்கறேன்."

சொன்னபடி செய்தார். போனை வைத்துவிட்டு மேடம் என்னைப் பார்த்து, "இருக்கட்டும். ஆனா துடைக்கறது, மாத்தறது எல்லாம் உம்பாடு," என்றார்.

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம இன்னொரு வேலையை இழுத்து விட்டுக்கிட்ட," என்றார் ஆயாக்கா. அது உண்மைதான். அன்று முதல் தினமும் சாயங்காலம் வெந்நீரில் துண்டை நனைத்து அந்தப் பெண் குழந்தையின் தலையையும் கழுத்தையும் துடைப்பேன், கவுனை அவிழ்த்து வேறு போடுவேன். அது ஒவ்வொரு நாளும் என்னை உதைக்கும்.

அன்று சாயங்காலம் வெங்காய மண்டிக்காரி உள்ளே வரவில்லை. மேடத்தின் முகத்தை வெள்ளிக்கிழமையே பார்த்திருக்கிறாள். வாசலுக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் நின்றாள். கை கால் கழுவவில்லை. சேலையும் மாற்றவில்லை. தூரத்திலிருந்தே நெடி வந்தது. இனிமேல் யாருக்காகக் கழுவ வேண்டும் என்று வந்துவிட்டாள் போலிருக்கிறது.

"வேணாம்னு சொல்லிட்டாங்களாக்கா?" என்றாள்.

"இருக்கட்டும்னுட்டாங்கம்மா. நாளைக்கும் கூட்டிட்டு வாங்க."

அவள் சிரிக்கவில்லை. பையனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் அவள் கழுத்தில் மூக்கைப் புதைத்தான்.

"அப்ப உங்ககிட்ட இருக்கற சேலையை எப்பத்தான்க்கா துவைக்கறது?"

எனக்கும் தெரியவில்லை. வகுப்பில் அதைச் சொல்லித்தரவில்லை. இப்போதைக்குத் துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஹாலைத் துடைக்க உள்ளே போனேன்.